சலுகைப் பருப்பு

தென்னூர் மளிகைக்கடையில் இருந்தவர்கள்: நிச்சயதார்த்தச் சாமான் வாங்க வந்த மாத்ருபூதமும் அவர் மகள் அனுபமாவும்; மாப்பிள்ளையின் அப்பா மருதை. கூடவே சில வாடிக்கையாளர்கள்.

“அப்பா, அஞ்சு கிலோ சலுகைப் பாக்கெட் வேண்டாம். ஒரு கிலோ பாக்கெட்டா அஞ்சு எடுத்தா ஐம்பது ரூபா கம்மி” என்றாள் அனுபமா, எல்லார் காதிலும் விழ.

மருதை உதட்டைச் சுழித்தார். “பொண்ணு இப்படிக் கஞ்சமா இருக்கே. எங்க கௌரவத்துக்குச் சரிப்பட்டு வருமாங்க, சம்பந்தி?”

மாத்ருபூதம் கூனிக் குறுகினார். நிச்சயமே நின்றுவிடுமோ?

அதற்குள் ஒரு அம்மாள் தன் கூடையிலிருந்த சலுகைப் பாக்கெட்டை எடுத்து மருதையின் முன்னால் தொப்பென்று வைத்தாள். “ஏன் முதலாளி, உங்க கடையில இதுக்குப் பேருதான் சலுகையா?”

மாத்ருபூதம் நிமிர்ந்து மருதையைப் பார்த்தார். “நீங்க சொன்னது சரிதாங்க. எம் பொண்ணு உங்க வீட்டுக்குச் சரிப்பட மாட்டா. அவளுக்குக் கணக்குத் தெரியும்.”

பெண் கஞ்சம் என்று மருதைதான் சம்பந்தத்தை முறித்தார் என்று தென்னூரில் பேசிக்கொள்கிறார்கள். அது சுத்தப் பொய். முறித்தவர் மாத்ருபூதம்.