கோலாலம்பூர் ரயிலில் இரண்டு இடம்

"அண்ணே, துண்டைப் போடு. ஜன்னலோரமா போடு."

அழகப்பன் தோளில் கிடந்த துண்டை உருவி, மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னல் வழியே வீசினான். அது உள்ளே இருந்த சீனக் கிழவியின் கூடைமேல் விழுந்தது. கிழவி முகம் சுளிக்காமல் அதை எடுத்து எதிர் இருக்கையில் விரித்து வைத்தாள்.

தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் அன்று காலை நல்ல கூட்டம். ஏறி உட்கார்ந்த பிறகும் தங்கை சுந்தரி ஓயவில்லை. டிக்கெட் பத்திரமா என்று மூன்று முறை கேட்டாள். இது கோலாலம்பூர் வண்டிதானா என்று போர்ட்டரிடம் விசாரித்தாள். அவர் சொன்னதை நம்பாமல் பக்கத்துப் பெட்டிக்காரரையும் கேட்டாள். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஆரஞ்சு நசுங்கிவிடும் என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்களாம், வண்டி அதற்குள் போய்விடுமா என்றாள்.

"போயிடும் லா. பேசாம உக்காரு."

கோலாலம்பூரில் லாரி ஓட்டப் போயிருந்த அவள் கணவன் மருதப்பனுக்குக் கடும் காய்ச்சல் என்றுதான் அழகப்பன் சொல்லியிருந்தான். தந்தி அவனுடைய ஆபீசுக்கு வந்திருந்தது. மருதப்பன் நேற்று மாலையே தவறிவிட்டான் என்று சொன்ன அந்தக் காகிதம் இப்போது அழகப்பனின் சட்டைப் பையில் இருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை இவளுக்குத் தெரியக் கூடாது. எட்டு மணி நேரத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும்.

கார்டு விசில் ஊதினார். வண்டி அசைந்தது.

"அவருக்கு என்னன்னு சொன்னே, அண்ணே?"

"எத்தனை தடவை கேப்பே? காய்ச்சல்தான். ரெண்டு நாள்ல மாப்பிள்ளை எந்திரிச்சிடுவாரு."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். பாதியிலேயே நிறுத்தி, வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

சுந்தரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், விடுண்ணே. நீ சொல்லச் சொல்லக் கேக்க நல்லா இருந்துச்சு. அந்த ஆளு உசுரோட இருக்கிற வரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சண்டை போட்டுட்டுப் போனவன் நீ. ஏழு வருஷம் கழிச்சு இன்னிக்குக் காலையில வீட்டுக்குள்ள வந்து நின்னியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."