மாற்றிக் கேட்ட வரம்

கெங்கையம்மன் கோயில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றதும் ரேகா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் முன்னால்தான் அம்மனிடம் அந்த வரத்தைக் கேட்டிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

அவள் கணவன் கார்த்திகேசன் அனுமந்தையிலிருந்து ஃபைபர் போட்டில் தனியாகக் கடலுக்குப் போய் இருபத்தாறு நாள் ஆகிறது. அன்று மத்தியானமே காற்று புரட்டி எடுத்தது. தேடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். அவனுடைய டீசல் கேன் மட்டும் ஒன்பதாம் நாள் கரை ஒதுங்கியது.

உப்பளத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் அவள் எதிரில் பூ வைத்துக்கொள்ளவே கூசினார்கள். ரேகா மட்டும் வேலை முடிந்ததும் உப்பு அரித்த காலோடு நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவாள். ஆளை உயிரோடு கொடு. அது ஒன்றுதான் வேண்டுதல்.

இன்று காலையில் கணவனின் அண்ணன் தங்கராசு தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாளைக்குக் காரியத்த முடிச்சிடலாம் ரேகா. எத்தினி நாளைக்குத்தான் இப்படியே இருப்ப?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கோயில் படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "உசுரோட கேட்டேன், நீ குடுக்கல. ஒடம்பையாச்சும் குடு தாயே. மொகத்த ஒருவாட்டி பாத்துக்கறேன்."

இப்போது ஜீப்பிலிருந்து ஏட்டு அந்தோணிசாமி இறங்கினார். ஜீப்பைப் பார்த்துவிட்டுத் தங்கராசும் ஓடி வந்தார்.

"கார்த்திகேசன் சம்சாரம் யாரும்மா?"

"நான்தாங்க."

"தப்பான ஆளுகிட்ட சேதி சொல்லிடக் கூடாது. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா." கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நெஞ்சுல பச்சை குத்தியிருக்கா?"

"எம் பேருங்க."

"எடது முட்டியில தழும்பு?"

"நங்கூரம் கிழிச்சதுங்க."

"ஒரு காது கேக்காதா?"

"வலது காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க."

ஏட்டு தாளை மடித்தார். "அப்ப அவருதான்."

தங்கராசு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ரேகா அழவில்லை. திரும்பி அம்மன் முன்னால் ஓடினாள்.

"நான் கேட்டது தப்பு தாயே! புத்தி கெட்டுப் போய்க் கேட்டுட்டேன். ஒடம்பு எனக்கு வேணாம். இன்னும் நூறு நாளானாலும் இங்கியே நிக்கறேன், எனக்கு அவரு உசுரோடதான் வேணும்!" அவள் குரல் கிழிந்தது. "இந்த ஏட்டு சொல்றத நான் நம்பல. உன்னைத்தான் நம்பறேன்!"

ஏட்டு ஒன்றும் புரியாமல் அவளையும் தங்கராசுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வுடுங்க சார், அது துக்கத்துல பேசுது. எந் தம்பி பாடி எங்க கெடக்குது?"

"பாடியா? உன் தம்பி இலங்கை ஜெயில்ல உக்காந்திருக்காருய்யா!"