ஈயக்கட்டி

கழுத்துவரை சூடான குதிரைச் சாணத்தில் எடை குறைக்கப் புதைந்து கிடந்தான் பந்தயக் குதிரை ஓட்டும் ஜேபஸ். வியர்த்து வியர்த்து உடம்பு உருகிக்கொண்டிருந்தது.

"முதலாளி, ஒரு வாய் ரொட்டி குடுங்க. கண்ணு இருட்டுது."

"நாளைக்கு எடை பார்த்தப்புறம் தின்னு," என்றார் குதிரையின் சொந்தக்காரர் கார்பட். "நல்லா ஓடுற குதிரைக்குப் பாரம் அதிகம், சோப்ளாங்கிக்குக் கம்மி. நம்மளது சோப்ளாங்கின்னு ஊரையே நம்ப வெச்சுத்தான் கம்மி பாரம் வாங்கியிருக்கேன். நீ ஒரு பவுண்டு எடை கூடினாலும் வேற ஆளை ஏத்திடுவேன்."

வேறு ஆள் ஏறினால் ஜேபஸுக்கு நிலக்கரிச் சுரங்கம்தான் கதி. ஒரு வாரமாக அவன் வாய்க்குள் போனது வெறும் தேநீர்தான்.

மறுநாள் லிங்கன் பந்தய மைதானத்தில் சேணத்தோடு தராசில் உட்கார்ந்தான். எடை கச்சிதமாக நின்றது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பத்தாதுப்பா," என்றார் எடை பார்ப்பவர். "பாரம் அறிவிச்சதுக்கு அப்புறம் எங்கயாவது ஜெயிச்ச குதிரைன்னா இன்னும் பத்து பவுண்டு ஏத்தணும். இந்த வருஷம் போட்ட புதுச் சட்டம்."

சேணத்தில் ஈயக்கட்டிகளைச் செருகினார்கள். கார்பட் பாய்ந்து வந்து ஜேபஸின் சட்டையைப் பிடித்தார்.

"பாவி! ஊரு இன்னும் சோப்ளாங்கின்னே நம்பட்டும்னு, முந்தாநாள் சின்னப் பந்தயத்துல குதிரைய இழுத்துப் புடிச்சுத் தோத்துட்டு வாடான்னுதானே அனுப்பினேன்? அன்னிக்குக் கேட்டப்பவும் முழிச்சிக்கிட்டு நின்ன. இப்பவாவது சொல்லு, ஏன்டா ஜெயிச்சுத் தொலைச்ச?"

"சொன்னா வேற ஆளை ஏத்திடுவீங்கன்னு பயந்தேன் முதலாளி." ஜேபஸ் ஈயக்கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடிவாளத்தை இழுத்துப் புடிக்கக் கையில தெம்பில்ல."