முன் சீட் மரியாதை

தேக்காவுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். திலீப் காரின் முன் கதவைத் திறந்து பிடித்தான். "மாமா, நீங்க முன்னாடி ஏறுங்க."

மருமகன் ஒன்றுக்கும் உதவாதவன் என்பது கதிரேசனின் தீர்ப்பு. ஆனாலும் மாமனாருக்கு முன் சீட் தரவாவது தெரிந்திருக்கிறதே!

"டேய், ஒரு நாளாவது என்னை முன்னாடி உக்கார வையேன்டா," என்றாள் திலீப்பின் தாய் ருக்மணி.

"நீங்க பின்னாடிதாம்மா."

பெற்றவளுக்கே பின் சீட்! கதிரேசன் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். பெண்ணைக் கொடுத்தவர் என்றால் சும்மாவா?

தோ பாயோவைத் தாண்டுவதற்குள் கார் ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் வந்தது.

"திலீப் சார், வொர்க்‌ஷாப்லேர்ந்து பேசுறேன். பழுதான ஏர்பேக் ரீகாலுக்கு எத்தனை தடவை கூப்பிடுறது? ஃப்ரீயாத்தானே மாத்தித் தர்றோம்?"

"பிஸி லா. அப்புறம் பேசுறேன்." திலீப் அவசரமாகப் பட்டனைத் தேடினான்.

"முன் சீட் ஏர்பேக் வெடிச்சா இரும்புத் துண்டு முகத்துல பாயும் சார். அதனாலதான் அம்மாவையும் ஒய்ஃபையும் பின்னாடியே உக்கார வைக்கிறேன்னு சொன்னீங்க. இப்பவும் முன் சீட் காலிதானே?"

கதிரேசன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

பின்னாலிருந்து ருக்மணி குரல் கொடுத்தாள். "காலிதாம்மா. சம்பந்தி மட்டும்தான் உக்காந்திருக்காரு."