நாற்பத்துமூன்றாவது பாயின்ட்

“காட்டுக்கா, தண்ணிக்கா?”

“தண்ணிக்கு” என்றாள் அவள். கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து முகம் கடுகடுவென்றே இருந்தது.

கடைக்காரர் தூண்டில் சுருள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் மூன்றை மேஜைமேல் வரிசையாக வைத்தார். வேட்டைக்குப் போகிறவர்களும் மீன் பிடிக்கப் போகிறவர்களும் தேடி வரும் கடை அது. பெண்கள் வருவது அபூர்வம்.

“வீட்டுக்காரருக்கா? அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா. கையில பிடிச்சுப் பார்த்து வாங்குற சாமான் இது.”

“எனக்குத்தான். இருக்கிறதைக் காட்டுங்க.”

“சரி சரி, கோவிச்சுக்காதீங்க. இதுல வரைபடம் பெருசா தெரியும். இதுல பேட்டரி ரெண்டு நாள் நிக்கும். இது இன்னும் விசேஷம். கை தவறித் தண்ணியில விழுந்தாலும் முழுகாது, மிதக்கும்.”

“கருவி மிதந்து யாருக்கு என்ன லாபம்?”

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பேனாவால் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். அங்கே, முனையெல்லாம் உரசி வெளுத்த பழைய கருவி ஒன்று கிடந்தது. கழுத்தில் மாட்டுவதற்குச் சிவப்பு ஷூ லேஸ் கட்டியிருந்தது.

“அது?”

“அது நேத்து எக்ஸ்சேஞ்சுல வந்தது. உள்ள இருக்கிறதை இன்னும் அழிக்கல. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, சுத்தம் பண்ணித் தரேன்.”

“அழிக்க வேண்டாம். அப்படியே கொடுங்க. புதுசு என்ன விலையோ அதையே தரேன்.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றுபோனது.

மீன் பிடிக்கிறவர்கள் தங்களுக்கு மீன் சிக்கிய இடங்களையெல்லாம் கருவியில் பாயின்டாகக் குறித்து வைப்பார்கள். கூடப் பிறந்தவனுக்குக்கூடக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு, அழிக்க மறந்து இவர் விற்ற ஒரு பழைய கருவியை வைத்துக்கொண்டு எவனோ அடுத்தவன் இடத்தில் போய் வலை விரித்துவிட்டான். இடத்துக்காரன் நேராக இங்கே வந்து கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான்.

“உங்களை அனுப்பினது யாரு?”

“யாரும் அனுப்பலை.”

“எனக்கே காது குத்துறீங்களா? ஆம்பளை வந்தா சந்தேகப்படுவேன்னு பொம்பளையை அனுப்பியிருக்கானுங்க!” அவர் அந்தப் பழைய கருவியை எடுத்து உயிர்ப்பித்தார். “பாருங்க. நாப்பத்துமூணு பாயின்ட். ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்கான் மனுஷன். மொட்டைப் பாறை. மாமனார் மூக்கு. கோவக்காரி. எத்தனை வருஷப் பாடு! நீங்க நோகாம எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா?”

அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கருவிகூட வேண்டாம். கடைசிப் பாயின்டை மட்டும் காட்டுங்க. எழுதிக்கிட்டுப் போயிடுறேன்.”

“அதானே பார்த்தேன்! கடைசியாக் கண்டுபிடிச்ச இடம், இதுக்கு மட்டும் இன்னும் பேருகூட வைக்கல, வெறும் நம்பர். வேற யாரும் வலை போடாத இடம். மீன் அள்ள அள்ள வரும், இல்ல?”

“ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்! இந்தத் திருட்டுக்கு நான் துணை போக மாட்டேன்.”

“கொடுய்யா அதை!”

அவள் மேஜைக்கு மேலாகப் பாய்ந்து சிவப்பு லேஸைப் பிடித்து இழுத்தாள். நோட்டு கீழே விழுந்தது. புதுக் கருவி ஒன்று உருண்டு தரையில் மோதியது. கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அவருக்கு மூச்சு வாங்கியது.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. அழுத்தினார். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்தினார்.

“இந்தாங்க. இப்ப பாதி விலைக்கே எடுத்துக்கிட்டுப் போங்க” என்று மேஜைமேல் வைத்தார். “மாத்திக்கிட்டுப் போனவர் யாரோ, எவரோ. அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல? அவங்க வயித்துல அடிக்கிற வேலை என் கடையில நடக்காது.”

அவள் கருவியை எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒன்றுமே இல்லை. லேஸை விரலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டாள். இவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“மாத்திக்கிட்டுப் போனது என் கொழுந்தன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீங்க படிச்சீங்களே கோவக்காரின்னு, அது நான்தான்.”

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். “அப்ப... அந்தக் கடைசி இடம்?”

“என் வீட்டுக்காரர் படகுலேர்ந்து விழுந்ததும் கொழுந்தன் பதறிப்போய் இதுல குறிச்ச இடம். நாலு நாள் தேடினாங்க. கிடைக்கல.”

குனிந்து நோட்டைப் பொறுக்கினாள். எழுதுவதற்கென்று பிரித்து வைத்திருந்த வெற்றுப் பக்கத்தை மூடினாள்.

“இன்னும் அங்கதான் இருக்கார்.”