மரியாதைக்கு எத்தனை மார்க்?

"தலைவரே, வழக்கம்போல உங்க சட்டை, தொப்பி, தரை துடைக்கிற மாப் மூணும் வேணும். ஒரு மணி நேரத்துக்கு."

ஹார்லன் ப்ரூயிட் கேட்டதும் கல்லூரியின் துப்புரவுக்காரர் அலமாரியைத் திறந்து, மார்பில் பேர் தைத்த நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு கையால்தான் கொடுத்தார். இன்னொரு கை மாவுக்கட்டில் இருந்தது.

"மூட்டு வலி தேவலையா ஹார்லன்?"

"அது கிடக்குது" என்று ஹார்லன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆறு வருஷமாக இதே கூத்துதான். கையால் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் தொழில்முறை அணி ஒன்றுக்கு ஆள் பொறுக்கித் தரும் ஸ்கவுட் அவர். ஏப்ரலில் ட்ராஃப்ட். எல்லா அணிகளும் வரிசையாக நின்று கல்லூரிப் பையன்களைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்குள் அயோவா மாநிலத்தில் உள்ள சின்னக் கல்லூரிகளையெல்லாம் சலித்து எடுத்துவிடுவார்.

"ஓட்டத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் போதும். குணத்தை அளக்க மாப் வேணும்." இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கேட்காதவர்களிடமும் சொல்வார். துப்புரவுக்காரர் வேஷத்தில் நின்று, பையன்கள் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து மார்க் போடுவார்.

இந்த வருஷம் இந்தக் கல்லூரியிலேயே இருவருக்குள் இழுபறி. கேட் லிண்ட்குவிஸ்ட், டேவான் மேப்ரி. இருவருமே பந்து பிடிப்பவர்கள். ஒரே உயரம், ஒரே வேகம். அணியிடம் இருப்பதோ கடைசிச் சுற்றில் ஒரே ஒரு இடம். ஹார்லன் யாரை வேண்டாம் என்று எழுதுகிறாரோ, அவன் ஊருக்குப் போய் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

உடை மாற்றும் அறை வாசலில் ஹார்லன் துடைக்க ஆரம்பித்தார். முதலில் வந்தவன் கேட்.

"குட் மார்னிங் சார். காலையிலேயே வேலையா? முதுகு பத்திரம். வாளியை நான் தூக்கி வெக்கிறேன்."

வைத்தான். போகும்போது திரும்பி, "நீங்க இல்லேன்னா நாங்க இல்ல சார்" என்றான். ஹார்லன் மனசுக்குள் அப்போதே மார்க் போட்டுவிட்டார்.

அடுத்து டேவான். தரையைப் பார்த்தான். ஹார்லனைப் பார்த்தான்.

"என்ன பண்றீங்க? துடைக்கிறீங்களா, குளம் வெட்டறீங்களா?"

"துடைக்கிறேன் தம்பி."

"பிழியாமத் துடைச்சா எப்படிக் காயும்? எவனாவது வழுக்கி விழணும், அதானே? சட்டையை மாட்டிட்டா மட்டும் வேலை வந்துடுமா? குடுங்க இங்க."

மாப்பைப் பிடுங்கிக்கொண்டான். "அந்த பெஞ்சுல போய் உட்காருங்க. எதையும் தொடாதீங்க."

ஹார்லன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டேவான் பிழிந்து துடைத்து, ஈரத்தரை என்று எழுதிய மஞ்சள் பலகையை நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

ஹார்லன் படிவத்தை எடுத்தார். 'லிண்ட்குவிஸ்ட்: தங்கம். மரியாதைக்குப் பத்துக்குப் பத்து. மேப்ரி: வாய்த் துடுக்கு. மரியாதைக்குப் பூஜ்யம். வேண்டாம்.'

அதே வேகத்தில் துப்புரவுக்காரரின் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிஞ்சுது தலைவரே. கேட் மாதிரி ஒரு பையனை நான் பார்த்ததே இல்ல. என்ன ஒரு பணிவு."

துப்புரவுக்காரர் சிரித்தார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"யாரு, கேட் பயலா? நாலு வருஷத்துல எங்கிட்ட ஒரே ஒரு தடவை பேசியிருக்கான். டாய்லெட்ல பேப்பர் இல்லேன்னு."

"அப்ப இன்னைக்கு..."

"மாப் பிடிக்கிற ஸ்கவுட் நீங்க ஒருத்தர்தான்னு நெனப்பா? இந்த மாசம் நாலாவது ஆள் நீங்க. வாளியைத் தூக்கறதுக்கு முன்னாடியே பசங்க ஃபோனுக்கெல்லாம் சேதி போயிடுது. தரை துடைக்கிறவன் எவன் இப்படி பாலிஷ் போட்ட ஷூ போடுவான்?"

ஹார்லன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு ஆறுதலாக ஒன்று தோன்றியது.

"டேவானுக்கு மட்டும் சேதி போகல போல. சுயரூபம் வெளிய வந்துடுச்சு."

"நீங்க வந்திருக்கீங்கன்னு காரைப் பார்த்துட்டு எனக்குச் சொன்னதே அவன்தான்."

"தெரிஞ்சேவா என்னைத் திட்டினான்? அவன் பொழைப்பே என் கையில இருக்கு."

துப்புரவுக்காரர் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "போன மாசக் கடைசியில வந்த ஸ்கவுட் பிழியாமத் துடைச்சுட்டுப் போயிட்டார். வழுக்கி விழுந்தது நான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது டேவான். அன்னிக்கு அவன் வேற ஒரு டீம் முன்னாடி ஓடிக் காட்ட வேண்டிய நாள். அந்த வாய்ப்பும் போச்சு. இப்ப தினம் காலையில எனக்குப் பதிலா துடைக்கிறதும் அவன்தான்."

அப்போதுதான் ஹார்லன் அந்தக் கட்டைச் சரியாகப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். 'மேப்ரி: மரியாதைக்குப் பத்துக்குப் பத்து. இவனை விட்டால் நாம்தான் முட்டாள்கள்.'

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. 'தகவல் தந்தவர் பெயர்.'

பேனா நின்றது. ஆறு வருஷமாக 'தலைவரே' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் எதிரில் நின்று, ஹார்லனுக்குப் பிடித்த மாதிரி மூன்று சர்க்கரை போட்ட காப்பியை நீட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் போய்ப் பேர் கேட்கவும் வாய் வரவில்லை.

ஹார்லன் மெல்லத் தலையைக் குனிந்து, இன்னும் கழற்றாத சட்டையின் மார்பில் தைத்திருந்த எழுத்துகளைத் தலைகீழாகப் படித்து எழுதினார்: ஓட்டிஸ்.