சுண்ணாம்பு விரல்

எழுதிப் பழகாத கை இதை எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். வங்காளத்து விஷ்ணுபூரின் ஓரத்தில், பழைய சுடுமண் கோயிலொன்றின் மேல் குளிர்கால வெயில் சாய்கிறது. உல்லாசப் பயணம் வந்தோர் தின்றெறிந்த ஆட்டெலும்பிலும் முட்டையோட்டிலும் ஈக்கள் மொய்க்க, காவற்காரி தீபாளி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வெற்றிலை மடித்த பருத்த மனிதர் ஒருவர், விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைச் சுவரில் தடவுகிறார். அவர் தடவிய இடம், படகில் அமர்ந்திருக்கும் சுடுமண் சிற்பப் பெண்ணின் முகம். முந்நூறு ஆண்டு மழை விட்டுவைத்த முகம். காலையில் வந்ததும் தீபாளி முதலில் பார்க்கும் முகம். "தாதா, உங்க வீட்டுப் பூஜையறைச் சுவத்துலயும் இப்படித்தான் துடைப்பீங்களா?" என்கிறாள், அண்ணன் முறை வைத்து. "கோவிச்சுக்காதீங்க தீதி, இதோ கழுவிடறேன்," என்று அவரும் அக்கா முறை வைக்கிறார். அவள் தடுப்பதற்குள், கறிச்சட்டி தேய்த்த கம்பிநாரை எடுத்து, மிகுந்த பணிவோடு, அழுத்தித் தேய்க்கிறார். "வேணாம், விடுங்க தாதா." "இருங்க, இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்கு." செம்மண் தூள் அவர் செருப்பில் உதிர்கிறது. நாரிலிருந்து மஞ்சள் கொழுப்பு படகுக்குள் வழிகிறது. "பாத்தீங்களா, பளிச்சுனு ஆயிடுச்சு," என்று சிவந்த பற்கள் தெரியச் சிரிக்கிறார். தீபாளி அந்த முகத்தை நெருங்கி எண்ணுகிறாள். போனவை: இரண்டு கண்கள், ஒரு மூக்கு, மேலுதடு.